சகடை, அவ்ரோ, அன்ரனோவ்: வன்னி வானத்துச் சரக்கு விமானங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பரந்தனில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். பேணூலியின் தத்துவம் வரும் பாடத்தில் விமான இறக்கை ஒன்றைக் கரும்பலகையில் கீறுவேன். அதோடு அன்றைய பாடம் முடிந்தது. பிள்ளைகள் விமானத்தைப் பற்றித்தான் கேட்பார்கள். அடுத்த நாள் வீட்டிலிருந்து தாய் தகப்பனின் கேள்வியையும் கொண்டு வருவார்கள். அப்புறம் தேத்தண்ணிக் கடையில் தகப்பன்மாரே நேரில் பிடித்துக்கொள்வார்கள். எல்லாம் திரும்பத் திரும்ப அதே சந்தேகங்கள்.

கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, கீழே மறுமொழி தந்திருக்கிறேன். கிபிர், மிக், புக்காரா போன்ற சண்டை விமானங்கள் எதுவும் இதில் இல்லை. போர்க்காலத்தில் சாமானும் ஆட்களும் ஏற்றுவதற்கென்று வந்த விமானங்கள் மட்டும்.

சரக்கு விமானம் எண்டா என்ன சேர்? பயணிகள் விமானத்தில சாமான் ஏத்த ஏலாதோ?

ஏற்றலாம். ஆனால் வாசல் போதாது. பயணிகள் விமானத்தின் கதவு ஓர் ஆள் குனிந்து நுழையும் அளவு. அதற்குள்ளால் ஜீப்பைக் கொண்டுபோக முடியாது. இராணுவச் சரக்கு விமானத்தில் வயிற்றின் பின்பகுதி முழுவதும் திறந்து, சாய்தளமாக நிலத்தில் இறங்கும். வாகனம் அப்படியே ஏறிப் போகும். அன்ரனோவ்-32இல் இன்னொரு வசதியும் உண்டு. அந்தச் சாய்தளத்தை வயிற்றுக்கு அடியில் முன்பக்கமாகத் தள்ளிவிட்டால், லொறியைப் பின்னால் எடுத்து விமானத்தோடு ஒட்டி நிறுத்தி, தட்டிலிருந்து நேரே மூட்டை மாற்றலாம்.

இறக்கை உயரத்தில் இருப்பதும் இதற்காகத்தான். இறக்கை தோளில் இருந்தால் வயிறு நிலத்துக்குக் கிட்ட வரும், ஏற்றி இறக்குவது சுகம்.

எங்கட பக்கத்தால பறந்தது எத்தனை வகை?

பெரியவை நான்கு, சிறியது ஒன்று. முதலில் அவ்ரோ. இங்கிலாந்தில் செய்த எச்.எஸ்.-748, இரண்டு றோல்ஸ் றோய்ஸ் டார்ட் எஞ்சின். இது பிறப்பால் பயணிகள் விமானம், இறக்கை வயிற்றுக்குக் கீழே இருக்கும். இலங்கையின் பழைய எயார் சிலோனும் அவ்ரோ வைத்திருந்தது. 1978 செப்டம்பர் 7இல் இரத்மலானையில் குண்டு வைத்துத் தகர்க்கப்பட்டது அந்த நிறுவனத்தின் அவ்ரோதான்.

அடுத்தது சீனத்து வை-8. சோவியத் அன்ரனோவ்-12ஐப் பார்த்துச் சீனாவில் கட்டியது, நான்கு எஞ்சின். சிறியது வை-12. அதுவும் சீனாதான், இரட்டை எஞ்சின், பறக்கும்போதும் சக்கரம் உள்ளே போகாது, 17 பேர் ஏறுவார்கள். 1995இல் அன்ரனோவ்-32 வந்தது. 2000ஆம் ஆண்டளவில் பிரித்தானிய விமானப்படை பாவித்த இரண்டு சி-130 ஹேர்குலிஸ் வந்தன.

இதெல்லாம் எந்தப் படைப்பிரிவின்ர? ஸ்குவாட்ரன் எண்டு சொல்லுறது என்ன?

ஸ்குவாட்ரன் என்பதை பஸ் டிப்போ மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். பஸ்கள் பழசாகும், கழியும், புதுசு வரும். டிப்போவின் பெயரும் வேலையும் அப்படியே இருக்கும். இலங்கை விமானப்படையில் பாரமான சரக்கு வேலை 2ஆம் இலக்கப் பாரப் போக்குவரத்து ஸ்குவாட்ரனின் பொறுப்பு. அவ்ரோ, வை-8, அன்ரனோவ்-32, சி-130 என்று அடுத்தடுத்து வந்தவை அந்த ஒரே டிப்போவின் பஸ்கள். வை-12 பிற்காலத்தில் 8ஆம் இலக்க இலகு போக்குவரத்து ஸ்குவாட்ரனுக்குப் போனது.

விமானப்படை தொடங்கியது 1951 மார்ச் 2இல், அன்றைய பெயர் றோயல் சிலோன் எயார் ஃபோர்ஸ். அந்தக் காலத்துப் போக்குவரத்து விமானங்கள் டவ், ஹெரோன் என்ற சின்னச் சின்ன ஆங்கிலேய விமானங்கள். ஒரு நாட்டின் சண்டை எவ்வளவு பெருத்தது என்பதை அதன் சரக்கு விமானத்தின் வயிற்றைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்று எனக்கு அடிக்கடி தோன்றும். டவ்வில் ஏறக்கூடியவர்கள் பத்துப் பேர் வரை. சி-130இல் 92 படையினர்.

போர்க்காலப் படங்களில் விமானத்தின் உடலில் இருக்கும் எழுத்தைப் பாருங்கள். சி.ஆர். என்று தொடங்கினால் போக்குவரத்து விமானம், சி.எச். என்றால் ஹெலி, சி.எஃப். என்றால் சண்டை விமானம்.

எங்கட அப்பம்மா "சகடை" எண்டுவா. அது எது?

அதிகம் பேர் கேட்பது இதைத்தான், அதிகம் சண்டை வருவதும் இதில்தான். சிலர் அவ்ரோவைச் சகடை என்பார்கள், சிலர் வை-12ஐ. இரண்டு பக்கமும் சத்தியம் பண்ணும். நான் யாரையும் திருத்துவதில்லை. சகடை என்பது விமானத்தின் பெயரல்ல, அது செய்த வேலையின் பெயர். மெதுவாக வந்து, மேலே வட்டமடித்து, பீப்பாயை உருட்டிவிட்ட எதுவும் சகடைதான்.

கோயிலில் சுவாமி வாகனத்தை வைத்து இழுக்கும் சில்லு வைத்த தாழ்ந்த வண்டிக்கும் சகடை என்றுதான் பெயர். கடகடவென்று சத்தம் போட்டு, நின்று நின்று நகரும். பெயர் அங்கிருந்து வந்திருக்கும் என்பது என் ஊகம். விமானத்தை முதன்முதலில் அப்படிச் சொன்ன ஆள் நல்ல ரசனைக்காரனாக இருந்திருக்க வேண்டும்.

சாமான் ஏத்துற விமானத்தால எப்பிடிக் குண்டு போட்டவை?

குண்டு போடும் விமானத்தில் குண்டு இறக்கைக்குக் கீழே தொங்கும், இலக்குப் பார்க்கக் கருவி இருக்கும், விமானி பொத்தானை அழுத்துவார். சரக்கு விமானத்தில் இவை எதுவும் இல்லை. இருப்பது கதவும் ஆட்களும். 1990இல் இரண்டாம் கட்டப் போர் தொடங்கியபோது விமானப்படையிடம் உண்மையான குண்டுவீச்சு விமானங்கள் மிகக் குறைவு. அதனால் வெடிமருந்து அடைத்த பீப்பாய்களைச் சரக்கு விமானத்தில் ஏற்றி, மேலே போய், கையாலேயே தள்ளிவிட்டார்கள். பீப்பாய்க்கு வாலும் இல்லை, வழியும் இல்லை. காற்று எங்கே கொண்டுபோகிறதோ அங்கே விழும். பள்ளிக்கூடத்தில் விழுவதும் பனங்காணியில் விழுவதும் அதன் கையிலும் இல்லை, தள்ளியவன் கையிலும் இல்லை.

இதன் ஆபத்து மேலே இருந்தவர்களுக்கும்தான். 1992 ஜூலை 5இல் இயக்கச்சிப் பக்கம் ஒரு வை-8 விழுந்தது. குண்டு போட வந்ததுதான். உள்ளே இருந்த 19 பேரும் இறந்தார்கள்.

சத்தத்த வச்சு என்ன விமானம் எண்டு உண்மையா சொல்ல ஏலுமோ, இல்லாட்டி சும்மா கதையோ?

ஏலும். என் வயதுக்காரர்கள் பலருக்கு இன்றும் ஏலும். 1991இல் எனக்கு 12 வயது, வட்டக்கச்சியில் இருந்தோம். பங்கர் வாசல்படியில் அம்மா ஒரு மூக்குப்பேணியில் தண்ணீர் வைத்திருப்பா. பொம்மர் வந்தால் சத்தம்தான் முதலில் வரும், தண்ணீர் ஆடாது. நான்கு எஞ்சின்காரன் வந்தால் காதுக்குச் சரியாகப் பிடிபடுவதற்கு முன்பே பேணித் தண்ணீரில் வட்டம் வட்டமாக நெளிவு வரும். தம்பி அதைப் பார்த்துவிட்டுத்தான் கத்துவான்.

இதற்குக் காரணம் இருக்கிறது. வை-8, அன்ரனோவ்-32, சி-130 எல்லாம் பெரிய உந்திகளை (புரொப்பெலர்களை) சுழற்றுகின்றன. அன்ரனோவ்-32இன் உந்தி 4.7 மீற்றர் விட்டம், அதாவது இரண்டரை ஆள் உயரம். பெரிய உந்தி மெதுவாகச் சுற்றும், சத்தத்தின் சுருதி தாழ்ந்து நெஞ்சுக்குள் போகும். தாழ்ந்த சுருதிதான் பேணியையும் தகரத்தையும் ஆட்டும். அவ்ரோவின் டார்ட் எஞ்சின் அப்படியில்லை. அது விசில் மாதிரி கூரான கீச்சொலி, ஒருதரம் கேட்டால் மறக்காது. வை-12 இன்னும் மெல்லியது, மா அரைக்கிற மெசின் தூரத்தில் ஓடுவது போல.

அன்ரனோவ்-32க்கு மட்டும் எஞ்சின் ஏன் இறக்கைக்கு மேல ஏறி இருக்கு?

முந்திய மறுமொழியில் சொன்ன 4.7 மீற்றர்தான் காரணம். அதே உருவத்துப் பழைய அன்ரனோவ்-26இல் எஞ்சின் இறக்கையோடு ஒட்டித்தான் இருந்தது. 32இல் ஏறக்குறைய இரட்டிப்பு வலு கொண்ட ஏ.ஐ.-20 எஞ்சினைப் பூட்டினார்கள், ஒவ்வொன்றும் 5,000 குதிரை வலுவுக்கு மேல். அந்த வலுவுக்குப் பெரிய உந்தி வேண்டும், பெரிய உந்தி நிலத்தில் முட்டும். அதனால் எஞ்சினையே தூக்கி இறக்கையின் முதுகில் வைத்தார்கள். மண் ஓடுபாதையில் கல்லும் புழுதியும் எஞ்சினுக்குள் போகாததும் கூடுதல் இலாபம்.

இவ்வளவு வலு எதற்கு என்றால், இந்தியா இமயமலையில் பறக்கக் கேட்டது. வெப்பத்திலும் உயரத்திலும் காற்று மெலிந்து, சாதாரண எஞ்சின் திணறும். மலைக்காகச் செய்தது நம் வெயிலுக்கும் பொருந்திவிட்டது. பாரம் 6.7 தொன், 50 கிலோ அரிசி மூட்டைக் கணக்கில் 134. ஆட்கள் என்றால் 50 பேர், படுக்கையில் காயக்காரர் என்றால் 24 பேர்.

87இல சாப்பாடு போட்டதும் இதே அன்ரனோவ்தானோ?

அதே வகை, ஆனால் வேறு நாட்டினது. 1987 மே கடைசியில் வடமராட்சியில் இராணுவ நடவடிக்கை தொடங்கியது. இந்தியா படகுகளில் உணவு அனுப்பியது, இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியது. அடுத்ததாக ஜூன் 4இல் இந்திய விமானப்படையின் ஐந்து அன்ரனோவ்-32 பெங்களூரிலிருந்து கிளம்பி, மிராஜ்-2000 சண்டை விமானங்களின் காவலோடு வந்து யாழ்ப்பாணத்துக்கு மேல் உணவுப் பொதிகளைப் பரசூட்டில் போட்டன. பூமாலை நடவடிக்கை என்று பெயர். அப்போது இலங்கை விமானப்படையிடம் அன்ரனோவ்-32 ஒன்றுகூட இல்லை. எட்டு வருடத்துக்குப் பிறகுதான் வந்தது.

ஆக, ஒரே முகம், ஒரே சத்தம். ஒன்றைக் கண்டு முற்றத்துக்கு ஓடி வந்தார்கள், மற்றதைக் கேட்டுப் பங்கருக்குள் ஓடினார்கள். இரண்டையும் கண்ட ஆட்களுக்கு ஞாபகம் குழம்புவதில் ஆச்சரியமில்லை.

அந்தச் சாப்பாடு வன்னிக்கும் விழுந்ததோ? எவ்வளவு?

வன்னிக்கு இல்லை, குடாநாட்டுக்கு மட்டும். மொத்தம் சுமார் 25 தொன். கேட்கப் பெரிதாக இருக்கும். 1981 கணக்கெடுப்பில் யாழ்ப்பாண மாவட்டத்தில் 8 லட்சத்துக்கு மேல் சனம், அப்போது கிளிநொச்சியும் அந்த மாவட்டத்துக்குள். பிரித்துப் பாருங்கள், ஆளுக்கு 30 கிராம் வரும். உள்ளங்கையில் ஒரு பிடி அரிசி. என் வகுப்பில் இதைக் கணக்காகவே கொடுப்பேன்.

பசியைத் தீர்க்க அது போதாது என்று அனுப்பியவர்களுக்கும் தெரியும். அது கொழும்புக்குப் போட்ட கடிதம். ஜூலை 29இல் இந்திய இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது.

95இல ஏன் அடுத்தடுத்து இத்தனை விழுந்தது?

அதுவரை நிலத்திலிருந்து சுட்டவை துப்பாக்கிகளும் கனரக இயந்திரத் துப்பாக்கிகளும். ஏப்ரல் 19இல் பேச்சு முறிந்து மூன்றாம் கட்டப் போர் தொடங்கியது. அதே மாதம் 28, 29ஆம் திகதிகளில், ஒரு நாள் இடைவெளியில், யாழ்ப்பாணத்து விமானத் தளமான பலாலிக்குக் கிட்ட இரண்டு அவ்ரோக்களைப் புலிகள் தோளில் வைத்துச் சுடும் ஏவுகணையால் வீழ்த்தினார்கள். இரண்டிலும் சேர்த்து 90 பேருக்கு மேல் இறந்தார்கள். முதலாவது விழுந்தபோது என்ன நடந்தது என்று சரியாகப் பிடிபடுவதற்குள் இரண்டாவதும் போய்விட்டது.

அந்த ஏவுகணை எஞ்சினின் சூட்டைத் தேடிப் போகும். ஸ்ரெலா-2 என்ற சோவியத் வகைக்கு எட்டும் தூரம் நான்கு கிலோமீற்றர் சொச்சம், உயரம் இரண்டேகால் கிலோமீற்றர் அளவு. உயரத்தில் போகும் விமானத்துக்கு அதனால் ஒன்றும் ஆகாது. ஆனால் சரக்கு விமானம் எங்கேயாவது இறங்கத்தானே வேண்டும்? பலாலியைச் சுற்றிய ஒரு துண்டு நிலம் மட்டும் இராணுவத்திடம், குடாநாட்டின் மிச்சம் பெரும்பாலும் புலிகளிடம். இறங்கும்போதும் ஏறும்போதும் ஏவுகணையின் எல்லைக்குள் வந்தே ஆக வேண்டும். அதன் பிறகு விமானங்கள் நிலத்தை விட்டுக் கடல் மேலாகச் சுற்றிப் பலாலிக்குப் போகும் வழக்கம் வந்தது. வன்னிக்கு மேலே அந்தத் தாழ்ந்த சுருதி குறைந்து, மேற்குப் பக்கம் கடலோரச் சனத்துக்கு மட்டும் கேட்கத் தொடங்கியது இதனால்தான்.

அவ்ரோக்களின் இடத்தை நிரப்ப அன்ரனோவ்-32 வந்தது. அதற்கும் நல்ல வருடமில்லை. செப்டம்பர் 13இல் ஒன்று மேற்குக் கரையோரக் கடலில் விழுந்தது, 70க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். நவம்பர் 18இல் ஒரு வை-8 பலாலிக்குக் கிட்டக் கடலில் விழுந்தது. நான்கு நாள் கழித்து, நவம்பர் 22இல், இன்னொரு அன்ரனோவ்-32 யாழ்ப்பாணக் கரையோரத்தில் விழுந்தது, 60க்கு மேற்பட்டோர். வலிகாமத்துச் சனம் ஒக்ரோபர் 30 இரவு வீடுகளை விட்டு நடக்கத் தொடங்கி, பலர் கிளாலிக் கடலேரியால் வன்னிக்கு வந்துகொண்டிருந்த நாட்கள் அவை.

அன்ரனோவ் எண்டாலே விழுற சாமான் எண்டு மாமா சொல்லுறார். உண்மையோ?

அன்ரனோவ் என்பது ஒரு விமானமல்ல, கியேவ் நகரத்து வடிவமைப்பு நிறுவனத்தின் பெயர். அன்ரனோவ் விழுந்தது என்பது லேலண்ட் பிரண்டது என்பது போல. எந்த லேலண்ட்? பஸ்ஸா, லொறியா? உலகத்திலேயே பாரமான விமானமாக இருந்து 2022இல் உக்ரைன் போரில் அழிந்த அன்ரனோவ்-225உம் அந்த வீட்டுப் பிள்ளைதான்.

அன்ரனோவ்-32ஐ மட்டும் எடுத்தால், இந்தியா நூற்றுக்கு மேல் வாங்கி நாற்பது வருடமாக மலைகளுக்கு நடுவே ஓட்டுகிறது. விபத்துகள் உண்டு, ஆனால் எந்த வேலைக்கு விட்டார்கள் என்றும் பார்க்க வேண்டும். இங்கே விழுந்தவற்றின் கதையை மேலே சொன்னேன், அது போரின் கதை. 2000 மார்ச் 30இல் அனுராதபுரம் பக்கம் தலாவைக்குக் கிட்ட ஒன்று விழுந்து 40 பேர் இறந்தார்கள். அது சுடுபட்டதா, பழுதா என்று அப்போதே இரண்டு கதை. மாமாவுக்கு இவ்வளவையும் சொல்லுங்கள். அவர் மாறமாட்டார், பரவாயில்லை.

இரணைதீவுக்கு அங்கால விழுந்தது ஆமியின்ர அன்ரனோவ்தானே?

இல்லை. இந்தப் பிழை ஆட்களைப் புண்படுத்தும், அதனால் கவனமாகச் சொல்கிறேன். அது லயன் எயார் என்ற தனியார் நிறுவனத்தின் அன்ரனோவ்-24, பயணிகள் விமானம். 1998 செப்டம்பர் 29இல் பலாலியிலிருந்து இரத்மலானைக்குக் கிளம்பியது. பணியாளர்களோடு சேர்த்து 55 பேர், பெரும்பாலும் யாழ்ப்பாணத்துத் தமிழ்ச் சனம். கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் காணாமல் போனது. புலிகளின் ஏவுகணை பட்டது என்றே கருதப்படுகிறது.

2012இல்தான் கடற்படைச் சுழியோடிகள் இரணைதீவுக் கடலில் உடைவுகளைக் கண்டுபிடித்தார்கள், 2013இல் வெளியே எடுத்தார்கள். பதினான்கு வருடம் கடலுக்கடியில். பெயர் ஒன்றென்பதால் இதை இராணுவ விமானங்களின் கணக்கில் சேர்த்துப் பேசுகிறோம். அதில் போனவர்களின் வீட்டுக்காரர் பக்கத்து மேசையில் இருக்கக்கூடும்.

அப்ப பேப்பரில வந்த, காணாமப் போய்க் கன வருசத்தால கண்டுபிடிச்ச அன்ரனோவ் இதுதானோ?

அது இன்னொன்று. இந்திய விமானப்படையின் அன்ரனோவ்-32. 2016 ஜூலை 22இல் சென்னை தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேயருக்குப் போகும் வழியில் 29 பேரோடு மறைந்தது. 2024 ஜனவரியில் சென்னையிலிருந்து 300 கிலோமீற்றர் அளவு தள்ளி, 3,400 மீற்றர் ஆழத்தில் உடைவுகள் தெரியவந்தன. இங்கே யாரும் சுடவில்லை.

ராவில வானத்தில வெளிச்சம் போட்டவை. அதையும் சரக்கு விமானமோ போட்டது?

இரண்டு வெளிச்சம் இருந்தது, நீங்கள் எதைக் கேட்கிறீர்கள் என்று பார்க்க வேண்டும். பரசூட்டில் தொங்கி, ஊரையே பகலாக்கி, மெதுவாக ஆடி ஆடி இறங்கினால் அது பரா வெளிச்சம். மோட்டாரிலிருந்தும் ஆட்டிலறியிலிருந்தும் சுடுவார்கள், விமானத்திலிருந்தும் போடுவார்கள். அந்தப் பரசூட் சீலை விழுந்தால் எடுத்துத் தொட்டில் கட்டிய வீடுகள் இருக்கின்றன.

விமானத்தின் பின்னாலேயே சரசரவென்று நெருப்புத் துளிகள் கொத்தாகச் சிதறி, சில வினாடியில் அணைந்தால் அது வேறு. சூட்டைத் தேடும் ஏவுகணைக்கு எஞ்சினை விடச் சூடான பொய் இலக்கு காட்டுவது. தன்னைக் காப்பாற்றப் போடுவது, குண்டல்ல. அப்போது நமக்கு அது எப்படித் தெரியும்? இரண்டுக்கும் ஒரே ஓட்டம்தான்.

சி-130 வந்த பிறகு என்ன மாறினது?

பாரம். 20 தொன் வரை ஒரே தடவையில், அதாவது மூன்று அன்ரனோவ்-32 செய்யும் வேலை. அது வந்தது ஆனையிறவு விழுந்த ஆண்டில். 2000 ஏப்ரல் 22க்குப் பிறகு குடாநாட்டிலிருந்த பெருந்தொகைப் படைக்கு நிலவழி இல்லை, ஏ-9 இல்லை. கடலும் வானமும் மட்டும். 2002இல் பாதை திறந்தது, 2006 ஓகஸ்ட் 11இல் முகமாலையில் மூடியது, பழையபடி அதே கதை. வன்னிக்குள் இருந்த எங்களுக்கு அந்தப் பாதை பூட்டினால் சீனியும் மண்ணெண்ணெயும் ஏறும். மேலே போகும் விமானத்துக்கு அதே பூட்டுத்தான் வேலை கொடுத்தது.

இரணைமடு ஓடுபாதையில அன்ரனோவ் இறங்குமோ?

குறுகிய, கரடான தளங்களுக்கென்றே செய்த விமானம் அது. புலிகள் கட்டிய ஓடுபாதை 2009 ஜனவரியில் இராணுவத்திடம் போனது. இப்போது அங்கே விமானப்படைத் தளம் இருக்கிறது. புலிகளின் விமானங்கள் இலகு ரகம், அவற்றுக்கும் சரக்கு விமானத்துக்கும் தேவையான தளமே வேறு.

காணி துப்பரவாக்கேக்க அலுமினியத் துண்டு ஒண்டு வந்தது. விமானத்தின்ரயோ? பழைய இரும்புக்குக் குடுக்கலாமோ?

முதலில் கையை எடுங்கள். இயக்கச்சி, முகமாலைப் பக்கம் இன்றும் ஹலோ ட்ரஸ்ட் போன்ற நிறுவனங்கள் கண்ணிவெடி எடுக்கின்றன. விமானத் துண்டுக்குப் பக்கத்தில் அது கொண்டுவந்த சாமானும் கிடக்கலாம். அடையாளம் வைத்துவிட்டு கிராம சேவகருக்கோ பொலிசுக்கோ சொல்லுங்கள்.

தூரத்தில் நின்று பார்த்தால் சில குறிப்புத் தெரியும். விமானத் தகட்டில் ஆணிகள் நூல் பிடித்தது போல் வரிசையாக, ஒரே இடைவெளியில், பெரும்பாலும் தலை வெளியே நீட்டாமல் தகட்டோடு மட்டமாக இருக்கும். உட்பக்கம் மஞ்சள் கலந்த பச்சைப் பூச்சு காணப்படும். வள்ளத்துத் தகட்டிலோ லொறிப் பெட்டியிலோ அந்த ஒழுங்கு இராது.

அம்மா சொல்லுறா தான் 2000க்கு முதலே நாலு எஞ்சின் விமானம் பார்த்தவா எண்டு. சி-130 அதுக்குப் பிறகுதானே வந்தது? அம்மா பிழையோ?

அம்மா சரியாக இருக்க மூன்று வழி இருக்கிறது. ஒன்று, இரண்டாவது மறுமொழியில் சொன்ன வை-8, 80களின் பிற்பகுதியிலிருந்து இங்கே பறந்தது. இரண்டு, இந்தியப் படை இருந்த 1987 முதல் 1990 வரை இந்தியாவின் அன்ரனோவ்-12, இதுவும் நான்கு உந்தி. மூன்று, அதே காலத்தில் வந்த இந்திய ஐ.எல்.-76. நான்கு எஞ்சின்தான், ஆனால் ஜெட், உந்தி சுற்றுவது தெரியாது.

வை-8உம் அன்ரனோவ்-12உம் அண்ணன் தம்பி. இரண்டுக்கும் மூக்கில் கண்ணாடி, வாலில் சூட்டாளர் இருக்கும் கூடு. அதனால் உருவத்தைக் கேட்டுப் பிரயோசனமில்லை. அம்மாவிடம் இப்படிக் கேளுங்கள்: அதைப் பார்த்தபோது முற்றத்தில் நின்று பார்த்தாவா, பங்கருக்குள்ளிருந்து தலையை நீட்டிப் பார்த்தாவா? என் மாணவி ஒருத்தி கேட்டுக்கொண்டு வந்தாள். "முற்றத்தில நெல் காயப்போட்டுக்கொண்டு நிண்டவவாம், சேர். விமானம் போய் முடியும் வரைக்கும் பார்த்தவவாம்." அப்படியென்றால் இரண்டாம் கட்டப் போர் தொடங்கிய 90 ஜூனுக்கு முந்தியது. பெரும்பாலும் இந்தியாவின் அன்ரனோவ்-12 என்று எழுதி அவளிடம் கொடுத்துவிட்டேன்.